லாக்டேட் பார்த்தாலே போதுமே, ஐ.எஸ்.எஸ். கணக்கு எதற்கு?

2025 ஜூன் 2, மாலை 6.15 (கேள்வி)

எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். விபத்தில் அடிபட்டவரின் காயம் எவ்வளவு கடுமை என்று அளக்க ஐ.எஸ்.எஸ். கணக்கு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். போஸ்டிங் போன இடத்தில் ஒருவர்கூட அதைப் போட்டுப் பார்த்து நான் பார்க்கவில்லை. ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயு மெஷினில் ரத்தத்தை வைத்தால் இரண்டு நிமிடத்தில் லாக்டேட், அதாவது ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் சேரும் பொருளின் அளவு, வந்துவிடுகிறது. அது ஏறியிருந்தால் ஆள் மோசம், இல்லையென்றால் பரவாயில்லை. ரத்தமே சொல்லிவிடுகிறபோது இந்தக் கணக்கு எதற்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

லேப் டெக்னீசியனாக 19 வருடம். அதில் 11 வருடம் விபத்துப் பிரிவு உள்ள மருத்துவமனை லேபில், பெரும்பாலும் நைட் ஷிப்ட். நான் டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே பொருளை அளக்கும் இரண்டு தராசு இல்லை. ஐ.எஸ்.எஸ். என்பது உடம்பில் எது எது உடைந்தது, எது கிழிந்தது என்பதன் கணக்கு. 1974-இல் அமெரிக்காவில் சூசன் பேக்கரும் உடன் இருந்தவர்களும் கொண்டுவந்தது. உடம்பை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பு. மிக மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பை வர்க்கம் எடுத்துக் கூட்ட வேண்டும். தொடை எலும்பு முறிவு 3, மண்ணீரல் பெரிய கிழிசல் 4, சிராய்ப்பு 1 என்றால் 9, 16, 1, ஆக 26. 15-ஐத் தாண்டினால் பெரிய காயம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதிகபட்சம் 75, மூன்று பகுதியிலும் 5 வந்தால் மட்டும்தான் அது வரும்.

லாக்டேட் வேறு. எது உடைந்தது என்று அதற்குத் தெரியாது. உடம்பின் மூலை முடுக்குக்கெல்லாம் ரத்தம் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் அது சொல்லும்.

ஒரு பைக்கில் போன அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அச்சு அசலாக ஒரே காயம் என்று வையுங்கள். ஒருவரை 20 நிமிடத்தில் 108-இல் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னொருவர் பள்ளத்தில் விழுந்து கிடந்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தார். இருவருக்கும் ஐ.எஸ்.எஸ். ஒன்றே. லாக்டேட் ஒன்றாக இருக்குமா?

ஜூன் 3, காலை 7.05

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது தோன்றியது. நேற்று எழுதியதைப் படித்தால் லாக்டேட்டுக்கே நான் கொடி பிடிப்பதுபோல் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்.

தலையில் மட்டும் பலத்த அடி, மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டு. வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு காயத்துக்கு மதிப்பு 5, ஐ.எஸ்.எஸ். 25. ஆனால் பி.பி. நன்றாக இருக்கும், லாக்டேட் நார்மலாகவே 1.5 வரலாம். "இல்லையென்றால் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். லாக்டேட் ஒன்றுக்குக் கீழே இருந்து விடிவதற்குள் போன தலைக்காயக்காரரின் ரிப்போர்ட்டை நான் கையால் டைப் செய்திருக்கிறேன்.

அதேபோல் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஒரு பகுதிக்கு ஒரு காயம்தான் எடுக்கும். இரண்டு தொடை எலும்பும் முறிந்தாலும் இரண்டும் ஒரே பகுதி, ஆக 9 மட்டும். அவருடைய இரண்டு தொடைக்குள்ளும் லிட்டர் கணக்கில் ரத்தம் இறங்கியிருக்கும், லாக்டேட் ஐந்தைத் தொட்டிருக்கும், காகிதத்திலோ சின்னக் காயம். இதைச் சரிசெய்யத்தான் 1997-இல் புது ஐ.எஸ்.எஸ். வந்தது. பகுதி பார்க்காமல் மிக மோசமான மூன்று காயத்தையும் எடுத்துக்கொள்ளும். அதில் இவருக்கு 18.

ஜூன் 3, காலை 11.30

திருத்தம். "மூன்று பகுதியிலும் 5 வந்தால் மட்டும்தான் 75" என்றது தப்பு. எங்கேனும் ஒரு காயத்துக்கு 6 போட்டுவிட்டால், பிழைக்கவே முடியாத காயம் என்று பொருள், வேறு எதையும் கூட்டாமல் நேராக 75. சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி. தேர்வில் இதைத்தான் கேட்பார்களாம்.

ஜூன் 3, இரவு 11.50

"ஹெச்.பி. நார்மல்தானே, ஏன் சார் ரத்தம் ரெடி பண்ணச் சொல்றாங்க" என்று ஒருவர் ஹீமோகுளோபின் அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைக் கவுன்டரில் நின்று நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன்னால், நான் அப்போது வேறொரு மருத்துவமனையில். டி.வி.எஸ். 50-இல் வந்தவரை வேன் இடித்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல். இடது பக்க விலாவில் வலி, மற்றபடி பேசிக்கொண்டுதான் இருந்தார். ஹெச்.பி. 13.4. மகன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே போனில் அம்மாவிடம், "ரத்தமெல்லாம் நார்மல்மா, ஒண்ணும் பயப்படாத" என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு பாட்டில் சலைன் ஏறி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சாம்பிள் வந்தது. 8.1. மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். 8.0. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. இரவோடு இரவாக ஆபரேஷன். பதினொன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

மோர்ப்பானையில் ஓட்டை விழுந்து பாதி மோர் போய்விட்டது என்று வையுங்கள். மிச்சம் இருக்கும் மோரின் புளிப்பு மாறுமா? மாறாது. அப்புறம் நாம் தண்ணீர் ஊற்றும்போதுதான் நீர்க்கும். ஹெச்.பி. என்பது அந்தப் புளிப்பு. ரத்தம் போகும்போது சிவப்பணுவும் நீரும் சேர்ந்தேதான் போகிறது, அளவு குறைகிறது, அடர்த்தி அப்படியே இருக்கிறது. உடம்பு திசுக்களிலிருந்து நீரை உள்ளே இழுக்கவும், நாம் சலைன் ஏற்றவும் தொடங்கிய பிறகுதான் எண் இறங்கும்.

அன்று அங்கே லாக்டேட் பார்க்கும் வசதி இல்லை. இருந்திருந்தால் முதல் சாம்பிளிலேயே தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று தலையாட்டியது இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு கவுன்டரில் யாரிடமும் "நார்மல்" என்று நான் சொல்வதில்லை. "டாக்டரிடம் காட்டுங்கள்" மட்டும்தான்.

ஜூன் 5, காலை 9.20

சாம்பிள் எடுக்கும் முறை பற்றித் தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்குமாக இங்கேயே.

ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் சிவப்பணு உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாம்பல் மூடிக் குழாய். அதில் இருக்கும் ஃப்ளோரைடு அந்த வேலையை மட்டுப்படுத்தும். ஏ.பி.ஜி. சிரிஞ்ச் என்றால் 15 நிமிடத்துக்குள் மெஷினில் வைத்துவிட வேண்டும், தாமதம் ஆகும் என்றால் ஐஸ். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் உடனே தள்ளிவிடுங்கள், அது ஆக்சிஜன் அளவைக் கெடுக்கும்.

என் கையால் நடந்த ஒன்று. ஒரு இளைஞர், இடுப்பெலும்பில் அடி, வந்தவுடன் லாக்டேட் 1.9. சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி ஊதா மூடிக் குழாயில் அனுப்பியிருந்தார்கள், சாம்பல் மூடி ஸ்டாக் இல்லை. அந்நேரம் ஒரு பஸ் விபத்து, இருபது பேர். இந்தக் குழாய் டிரேயின் ஓரத்தில், மே மாத வெக்கையில், இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டது. ஓட்டினால் 3.3. ரிப்போர்ட் போய்விட்டது. ஏறுகிறது என்றால் உள்ளே ரத்தம் போகிறது என்றுதானே பொருள்? சர்ஜனுக்குப் போன், சி.டி. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தயார், அந்தப் பையனின் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய் நானே சொல்லி, புது சாம்பிள் எடுத்து உடனே வைத்தேன். 1.7.

குழாயில் நேரம் எழுதியிருந்தால் அந்த 3.3-ஐ நான் வெளியே விட்டிருக்க மாட்டேன். எடுத்தவரும் எழுதவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை.

ஜூன் 6, மதியம் 2.10

அனஸ்தீசியா டாக்டர் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார். முதல் பதிவில் நான் எழுதியது அரை உண்மை. ரத்த ஓட்டம் போதாமல் மட்டும் லாக்டேட் ஏறுவதில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலினே தசைகளில் சர்க்கரையை வேகமாக எரித்து லாக்டேட்டைக் கூட்டும், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும். வலிப்பு வந்தாலும் ஏறும். கல்லீரல் கெட்டிருந்தால் இறங்கத் தாமதம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் சில நேரம் கூட்டும்.

அப்புறம் குடி. சனிக்கிழமை இரவு கேஷுவால்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லாத ஆளுக்கு 3.5 வரும். ஆனால் "தண்ணி போட்டிருக்கான், அதான்" என்று சொல்லிக் கடப்பதுதான் எனக்குப் பயம். குடித்தவருக்கும் மண்ணீரல் கிழியும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்த்து, இறங்கியிருக்கிறதா என்று தெரிந்த பிறகு சொல்லட்டும்.

மறுபக்கம் பெரியவர்கள். நாடியை அடக்கும் அட்டனலால் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிற 70 வயதுத் தாத்தாவுக்கு ரத்தம் எவ்வளவு போனாலும் நாடி எளிதில் எகிறாது. நாடி 78, பி.பி. 118, பார்க்கத் தெம்பாகத்தான் இருப்பார். எப்போதும் 160-இல் இருக்கும் ஆளுக்கு 118 என்பது இறக்கம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அப்படி ஒருவருக்கு 4.1 பார்த்து நான் நேரே போன் போட்டேன். இந்த மாதிரி இடத்தில் லாக்டேட்டை விஞ்ச எதுவும் இல்லை.

ஜூன் 6, மதியம் 2.25

விட்டுப்போனது: அதே ஏ.பி.ஜி. தாளில் பேஸ் டெஃபிசிட் என்று ஒன்று இருக்கும், ரத்தம் எவ்வளவு அமிலமாகிவிட்டது என்று காட்டுவது. லாக்டேட் பகுதி இல்லாத மெஷினிலும் அது வரும். விபத்துச் சிகிச்சைப் பயிற்சிக் கையேடான ஏ.டி.எல்.எஸ். பத்தாம் பதிப்பில் ரத்த இழப்பின் நான்கு வகுப்பையும் இதை வைத்தும் பிரித்திருக்கிறார்கள். மைனஸ் 2 வரை முதல் வகுப்பு, 6 வரை இரண்டு, 10 வரை மூன்று, அதற்கும் கீழே நான்கு. சின்ன ஊர் மருத்துவமனையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பழகுங்கள்.

ஜூன் 8, இரவு 9.45

"ஒரு தடவை பார்த்த எண்ணா, இறங்குகிற வேகமா, எது முக்கியம்?"

வேகம். 1993-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு அடிப்படை. பலத்த காயத்தோடு ஐ.சி.யு.வில் இருந்த 76 பேர். 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் நார்மலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். 48 மணி நேரம் ஆகியும் இறங்காதவர்களில் தப்பியது மிகச் சிலர். சின்ன ஆய்வுதான், ஆனால் நான் பார்த்ததும் அதையே சொல்கிறது. 6-இல் வந்து மறுநாள் 1.8 ஆனவர்கள் வார்டுக்குப் போய்விடுகிறார்கள். 3.5-இல் வந்து மூன்றாம் நாளும் 3.5-இலேயே நிற்பவரின் பெயரை நான் நோட்டில் தேடாமல் இருப்பதில்லை.

நம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ விபத்துச் சிகிச்சைத் திட்டமும் முதல் 48 மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. இந்த ஆய்வுக்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை, ஆனால் லேபில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்த 48 வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

ஜூன் 10, காலை 8.30

தலைக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே, இனி சி.டி. வேண்டாமா என்று துபாயிலிருந்து ஒருவர். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லேசான தலைக்காயத்தில் யாருக்கு சி.டி. தேவையில்லை என்று பிரிப்பதுதான் அதன் வேலை.

முதலில் வந்தது எஸ்100பி என்ற புரதம். ஸ்காண்டிநேவிய நாடுகள் 2013 வழிகாட்டியில் சேர்த்தன. அடிபட்டு ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து, லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறிப்பிட்ட நோயாளிகளை சி.டி. இல்லாமல் அனுப்பலாம். சிக்கல் என்னவென்றால் இது மூளையில் மட்டும் இல்லை, கொழுப்பிலும் குருத்தெலும்பிலும் இருக்கிறது. காலை உடைத்துக்கொண்டு வந்தவருக்கும் ஏறும். பல இடத்தில் அடிபட்ட விபத்து கேஸில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்து ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.ஹெச்.-எல்1 என்று இரண்டு புரதம். முன்னது மூளையின் தாங்கு செல்லிலிருந்து வருவது, பின்னது நரம்பு செல்லிலிருந்து. 1,959 பேரிடம் பார்த்த ஆய்வை வைத்து 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. 12 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எல்லை முறையே மில்லிலிட்டருக்கு 22, 327 பிகோகிராம். சி.டி.யில் தெரிகிற காயம் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 97 பேரைத் தவறாமல் பிடித்தது. 2024-இல் முழு ரத்தத்தைக் கட்டில் பக்கத்திலேயே கையடக்கக் கருவியில் 15 நிமிடத்தில் பார்க்கவும் ஒப்புதல் வந்துவிட்டது.

எனக்கு இதில் ஆசை இருக்கிறது. சி.டி. இல்லாத தாலுகா மருத்துவமனையிலிருந்து தலையில் ஒரு வீக்கத்தோடு நள்ளிரவில் 40 கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் வருகிறார்கள், கூடவே ஒரு குடும்பமே வருகிறது. விடியற்காலை சி.டி.யில் ஒன்றும் இல்லை என்று பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருகிறார்கள். அங்கேயே ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் மயக்கமாக இருப்பவர், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர், இவர்களுக்கு எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. நேரே சி.டி.

ஜூன் 12, அதிகாலை 4.40

ஷிப்டில் இருக்கிறேன், மனதில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இரவு ஒன்றரை மணிக்கு ஒரு லாரி கேஸ். சிவப்பு மூடிக் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். பாம்புக்கடிக்கு, ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிட டெஸ்ட் பார்த்துப் பார்த்துக் குழாயைச் சாய்த்துப் பார்ப்பது கைப்பழக்கம். அரை மணி கழித்துச் சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. கண்ணாடியில் ஒரு திட்டு உறைவுகூட ஒட்டவில்லை. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தெரியும், பிளாஸ்மா உருக்கச் சொல்லியாச்சு, ஃபைப்ரினோஜன் அனுப்பியிருக்கேன், அதை முதல்ல போடுங்க" என்றார். ஃபைப்ரினோஜன் என்பது ரத்தத்தை உறையவைக்கும் புரதம். நிம்மதியாக இருந்தது.

பலத்த காயத்தில் ரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகும். ரொம்பக் காலம் அது சலைன் அதிகம் ஏற்றியதால் நீர்த்துப்போவது என்றே நினைத்தார்கள். 2003-இல் லண்டனில் கரீம் ப்ரோஹியும் உடனிருந்தவர்களும் ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளைப் பார்த்ததில், வந்து சேரும்போதே கால்வாசிப் பேருக்கு உறைதல் கெட்டிருந்தது. காயம் கடுமையாக ஆக அந்தப் பங்கும் ஏறியது. தம்பி, உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஐ.எஸ்.எஸ்.ஸும் ரத்தமும் கைகோத்து நடக்கிற இடம்.

உறைவு கரைந்துபோகாமல் தடுக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியும் இதற்காகத்தான். 2010-இல் வெளிவந்த க்ராஷ்-2 என்ற ஆய்வு, 40 நாடுகளில் 20,211 பேர், இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் காக்கிறது, தாண்டினால் கெடுதல்கூட வரலாம். அதனால் லேப் ரிசல்ட்டுக்காக அதை நிறுத்திவைக்காதீர்கள் என்று நாங்களே சொல்வோம்.

ஜூன் 12, மாலை 5.30

மேலே எழுதியதைப் பார்த்து, இனி எல்லா விபத்து கேஸுக்கும் குழாயைச் சாய்த்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது பாம்புக்கடிக்கான சோதனை. என் கண்ணில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். விபத்துக்கு, உறைதலைப் பார்க்கும் பி.டி., ஐ.என்.ஆர்., ஃபைப்ரினோஜன் அனுப்புங்கள். வசதி உள்ள இடத்தில், உறைவதை வரைபடமாகக் காட்டும் டி.இ.ஜி. அல்லது ரோட்டம்.

ஜூன் 15, காலை 10.00

தசை நசுங்கினால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற நொதி பற்றிக் கேட்டவருக்கு. வயலில் டிராக்டர் கவிழ்ந்து தொடை அடியில் மாட்டி மூன்று மணி நேரம் கிடந்த விவசாயி ஒருவர். வெளியே பார்த்தால் பெரிய காயம் இல்லை. சிறுநீர் கடுங்காபி நிறம். டிப்ஸ்டிக்கில் ரத்தம் மூன்று பிளஸ் காட்டுகிறது, மைக்ரோஸ்கோப்பில் ஒரு சிவப்பணுகூட இல்லை. அப்படி என்றால் அது ரத்தம் இல்லை, நசுங்கிய தசையிலிருந்து வரும் மயோகுளோபின். சி.கே. 30,000-ஐத் தாண்டியது. 5,000-க்கு மேலேயே சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று கவனிப்பார்கள். இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் லண்டனில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதைப் பார்த்து 1941-இல் எழுதினார். காப்பாற்றி வெளியே எடுத்தவர்கள் சில நாள் கழித்து சிறுநீரகம் நின்று இறந்தார்கள்.

இவருடைய பொட்டாசியம் 6.4. சாம்பிள் ஹீமோலைஸ் ஆகி, அதாவது சிவப்பணு உடைந்து, ரோஸ் நிறமாக இருந்தால் பொய்யாகவே ஏறும் என்பதால் மறுபடி சுழற்றிப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. உண்மையான 6.4. அதை நடந்து கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மூன்று முறை டயாலிசிஸ் ஆகி, சிறுநீரகம் திரும்பிவிட்டது.

ஜூன் 19, இரவு 10.15

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. ப்ராஜெக்டுக்கு 50 கேஸ் ஷீட் எடுத்து ஐ.எஸ்.எஸ். போட்டு, வந்தவுடன் பார்த்த லாக்டேட்டோடு ஒப்பிடப் போகிறாராம். அருமை, செய்யுங்கள். தலையில் மட்டும் அடிபட்டவர்களைத் தனியாக வையுங்கள், மற்றவர்களோடு கலந்தால் இரண்டும் ஒத்துப்போகவே போகாது. வழக்கமான ஐ.எஸ்.எஸ்.ஸோடு 1997 கணக்கையும் போடுங்கள், ஒரே வேலைதான். குடித்திருந்தாரா, மெட்ஃபார்மின் அல்லது பி.பி. மாத்திரை உண்டா, வருவதற்கு முன் எத்தனை பாட்டில் ஏறியது, எல்லாம் குறியுங்கள். அட்டவணை போட்டதும் தொடங்குவதற்கு முன்னால் இங்கே காட்டுங்கள். அடிபட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், மெஷினில் வைத்த நேரம், மூன்றுக்கும் மூன்று கட்டம் தனித்தனியாக இருக்க வேண்டும்.